மாலேவில் இறங்கும்போது எந்தப் பக்க ஜன்னல்?

ஜனவரி கடைசி வாரம் சென்னையிலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்குப் போகிறீர்கள். கூட அம்மா வருகிறார், அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். மாலே நேரப்படி பகல் 1 மணிக்கு இறங்குகிறீர்கள். தீவுகள் நன்றாகத் தெரிய ஏ சீட்டா, எஃப் சீட்டா, அதற்காகக் கூடுதல் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதாவது விமானம் எந்தத் திசையிலிருந்து வந்து இறங்கப்போகிறது, அதைச் சீட் எடுக்கும் நாளிலேயே கணிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஓரளவு முடியும். உங்கள் தேதிக்கு ஏ எடுங்கள், அதாவது விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் இடதுபக்க ஜன்னல். பணம் கட்டித்தான் கிடைக்கும் என்றால் கட்டலாம். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியை ஜூலையில் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

நான் விமானி இல்லை. பல வருடங்கள் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்தவன். விமானம் கிளம்புவதற்கு முன்னால் பாதை, எரிபொருள், போய்ச் சேரும் இடத்தின் வானிலை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு விமானியின் கையில் கொடுப்பதுதான் அந்த வேலை. இறங்கும் ஊரில் காற்று எங்கிருந்து வீசுகிறது, அதனால் ஓடுபாதையின் எந்த முனை பயன்பாட்டில் இருக்கும் என்று தினமும் பார்த்துப் பார்த்து அது பழக்கமாகிவிட்டது. ஜன்னல் சீட் விஷயத்தில் அந்தப் பழக்கம்தான் எனக்கு உதவுகிறது.

முதலில் இடத்தின் அமைப்பு. மாலே நகரம் ஒரு தீவு, விமான நிலையம் இருப்பது பக்கத்தில் உள்ள ஹுல்ஹுலே என்ற இன்னொரு தீவு. வேலானா சர்வதேச விமான நிலையம் என்று பெயர். அதன் ஓடுபாதை கிட்டத்தட்ட நேர் வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. 2022இல் பயன்பாட்டுக்கு வந்த இப்போதைய ஓடுபாதையின் நீளம் 3,400 மீட்டர். ஒரு முனைக்கு 18, இன்னொன்றுக்கு 36 என்று எண். இந்த எண்கள் திசைமானியின் பாகைகளில் கடைசிச் சுழியத்தை வெட்டியவை. 36 என்றால் 360 பாகை, வடக்கு நோக்கி இறங்குவது. 18 என்றால் 180 பாகை, தெற்கு நோக்கி இறங்குவது. வேறு வழி கிடையாது. மாலேவுக்கு வரும் ஒவ்வொரு ஜெட் விமானமும் ஒன்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இறங்கும், இல்லையென்றால் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கும்.

அடுத்தது, அந்தத் தீவு வடக்கு மாலே அட்டோலின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அட்டோல் என்ற சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து உலகத்துக்குப் போனதுதான். பவளப்பாறை ஒரு பெரிய வளையமாக வளர்ந்து, அந்த வளையத்துக்குள் ஆழம் குறைந்த கடல் அடங்கியிருக்கும் அமைப்பு அது. ஹுல்ஹுலே கிழக்கு விளிம்பில் இருப்பதால் அதற்குக் கிழக்கே பார்த்தால் திறந்த இந்தியப் பெருங்கடல், வேறொன்றும் இல்லை. நீங்கள் பார்க்க ஆசைப்படும் தீவுகள், வெளிர்பச்சைத் தண்ணீர், மாலே நகரம் எல்லாமே பெரும்பாலும் மேற்கே. ஆகவே சீட் எழுத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். இறங்கும்போது விமானத்தின் எந்தப் பக்கம் மேற்கைப் பார்க்கும் என்று கேளுங்கள். வடக்கு நோக்கி இறங்கினால் மேற்கு இடதுபக்கம், அதாவது ஏ. தெற்கு நோக்கி இறங்கினால் மேற்கு வலதுபக்கம், அதாவது எஃப்.

எந்த முனை என்பதைத் தீர்மானிப்பது காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மாலத்தீவில் வருடத்துக்கு இரண்டு பருவக்காற்று. டிசம்பர் கடைசி தொடங்கி ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, அவர்கள் இருவாய் என்று சொல்வது. மே முதல் நவம்பர் வரை தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசுவதை ஹுல்ஹங்கு என்பார்கள். நம் கடற்கரையில் மீனவர்கள் வாடை, கச்சான் என்று பிரித்துச் சொல்வதற்கு நெருங்கிய கணக்குதான். ஜனவரியில் வடகிழக்கிலிருந்து 10, 12 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் காற்று வந்தால், வடக்கு நோக்கி இறங்குவதுதான் இயல்பு. உங்களுக்கு 36ஆம் முனை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓடுபாதை வடக்கு தெற்கு, தீவுகள் மேற்கே, இது மாறாது. ஜனவரியில் வடகிழக்குக் காற்று என்பதும் பருவத்தின் பொது இயல்பு, பெரும்பாலான நாட்களில் பொய்க்காது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளின் ஒரு குறிப்பிட்ட மணி நேரத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. காற்று மெல்லியதாக இருந்தால் கட்டுப்பாட்டு அறை தன் வசதிக்கு எதிர் முனையைக் கொடுக்கலாம், ஏனென்றால் கொஞ்சம் பின்காற்று இருந்தாலும் விமானங்கள் இறங்கலாம். ஒரு மழைமேகம் கடந்து போகும்போது காற்று அரை மணி நேரத்துக்குத் திசை மாறுவதும் உண்டு. மே முதல் நவம்பர் வரை சந்தேகம் இன்னும் கூடும். நேர் மேற்கிலிருந்து வீசும் காற்று வடக்கு தெற்கு ஓடுபாதைக்குக் குறுக்குக் காற்றுதான், அதனால் எந்த முனைக்கும் பெரிய லாபம் இல்லை. காற்று தென்மேற்குப் பக்கம் சாய்ந்தால் 18, வடமேற்குப் பக்கம் சாய்ந்தால் 36. அதனால் ஜூலைப் பயணிக்கு எஃப் என்று சொன்னாலும் பந்தயம் கட்ட மாட்டேன். ஜனவரிப் பயணிக்கு ஏ என்று தயங்காமல் சொல்வேன்.

சரி, ஏ ஜன்னலில் என்ன தெரியும்? சென்னையிலிருந்து வரும் விமானம் வடகிழக்கிலிருந்து வருகிறது. 36இல் இறங்க வேண்டுமென்றால் அது மாலேவைத் தாண்டித் தெற்கே போய், திரும்பி, வடக்கு நோக்கி வர வேண்டும். அப்படித் தெற்கே போகும் நேரத்தில் தீவுகள் வலதுபக்கம் தெரியும், எஃப்காரர்கள் போனை எடுப்பார்கள். உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போது விமானம் இன்னும் உயரத்தில், கரையிலிருந்து தள்ளி இருக்கும். பிறகு திரும்பி இறங்குபாதைக்குள் வந்தபின், கடைசிச் சில நிமிடங்கள் தெற்கு மாலே அட்டோலின் கிழக்கு விளிம்பை ஒட்டியே வடக்கே வரும். அந்த விளிம்பு முழுக்க இடதுபக்கம். மாஃபுஷி, குல்ஹி போன்ற ஊர்த்தீவுகளும் ரிசார்ட் தீவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, உயரம் குறையக் குறைய நிமிடத்துக்கு நிமிடம் நெருங்கி வரும். படகுத்துறையில் கட்டியிருக்கும் தோணி வரை அடையாளம் தெரியும். அந்த அட்டோல் முடிந்ததும் சட்டென்று தண்ணீர் கருநீலமாகும். அது வாதூ கால்வாய், இரண்டு அட்டோல்களுக்கும் நடுவில் இருக்கும் ஆழக்கடல். அதைக் கடந்தவுடன் மாலே.

மாலேவை மேலிருந்து பார்ப்பது தனி அனுபவம். சுமார் 2 சதுர கிலோமீட்டர் தீவு, கரையிலிருந்து கரை வரை கட்டடம். மஞ்சள், நீலம், ரோஸ், வெள்ளை என்று பெயின்ட் அடித்த மாடிகள், இடையில் பொன்னிறக் குவிமாடத்தோடு பெரிய மசூதி. நகரத்தின் கிழக்கு முனையிலிருந்து ஹுல்ஹுலேவுக்கு 2018இல் திறந்த சினமாலே பாலம் கடலின் மேல் வளைந்து வரும். வண்டிகள் ஊர்ந்து போவது தெரியும். பாலம் கண்ணில் பட்டால் இன்னும் அரை நிமிடம்கூட இல்லை, சக்கரம் தரையைத் தொட்டுவிடும்.

ஒருமுறை பிப்ரவரியில் நானே எஃப்பில் உட்கார்ந்து போனேன். கிளம்பும் அவசரத்தில் கிடைத்த சீட்டை எடுத்துக்கொண்டேன். இறங்கும் நேரம் முழுக்க என் ஜன்னலில் நீலம் மட்டும்தான், ஒரு படகுகூட இல்லை. நடைவழிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் தலைக்கு நடுவே உள்ளங்கை அகல ஜன்னலில் ஒரு பச்சைக் கீற்று வந்து வந்து போனது. ஒரு சிறுவன் ஒவ்வொரு தீவுக்கும் ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ என்று எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்று வரை எண்ணினான். என் பக்கத்தில் ஆறுதலாக இருந்தது கடைசியில் வந்த நிழல் ஒன்றுதான். மாலை வெயில் மேற்கிலிருந்து விழுந்ததால் எங்கள் விமானத்தின் நிழல் கிழக்குப் பக்கத் தண்ணீரில் விழுந்து, முதலில் ஒரு கொசு அளவு, பிறகு காக்கை அளவு, கடைசியில் இறக்கை, வால் எல்லாம் பிரிந்து தெரிய எங்களோடு ஓடி வந்தது. அந்த நிழலைப் பார்க்க மட்டும் எஃப் நல்ல சீட்.

தெற்கு நோக்கி இறங்கும் நாளாக மாறிவிட்டால் மனசு உடைய வேண்டாம். வடக்கிலிருந்து வரும் பாதை வடக்கு மாலே அட்டோலுக்கு உள்ளேயே வருகிறது, அதனால் இரண்டு பக்கமும் தீவுகள் உண்டு. வலதுபக்கத்தில் அட்டோலின் உள்கடல், பண்டோஸ் மாதிரி தீவுகள், முடிவில் மாலே நகரம். இடதுபக்கத்தில் கிழக்கு விளிம்புத் தீவுகளும், கடலைத் தூர்த்து உருவாக்கிய ஹுல்ஹுமாலேயின் அடுக்குமாடி வரிசைகளும். மாலத்தீவின் முதல் ரிசார்ட்டாக 1972இல் திறந்த குரும்பா இந்தப் பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திவேஹியில் குரும்பா என்றால் இளநீர். நாம் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்கிறோம். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஆக, ஏ எடுத்தவருக்குக் காற்று மாறினாலும் நஷ்டம் குறைவு. எஃப் எடுத்தவருக்கு 36ஆம் முனை வந்தால் வெறும் கடல்தான். ஜனவரிக்கு ஏ என்று சொல்ல எனக்கு இதுவும் ஒரு காரணம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. ஃப்ளைட்ரேடார்24 செயலியில் மாலேவைத் திறந்து, இறங்கிக்கொண்டிருக்கும் விமானங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று பத்து நிமிடம் பாருங்கள். உங்கள் விமான எண்ணின் முந்தைய நான்கைந்து நாள் தடத்தையும் பாருங்கள். எல்லாமே தெற்கிலிருந்து வந்திருந்தால் உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும். இன்னும் ஆர்வம் இருந்தால் மாலேவின் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பைத் தேடுங்கள். அதில் 04012 என்று ஐந்து இலக்கம் தெரிந்தால் காற்று 40 பாகையிலிருந்து, அதாவது வடகிழக்கிலிருந்து, 12 நாட் என்று பொருள். முதல் மூன்று இலக்கம் 270க்கு மேலோ 090க்குக் கீழோ இருந்தால் வடக்கு நோக்கி இறக்கம், இரண்டுக்கும் நடுவில் இருந்தால் தெற்கு நோக்கி. இந்த ஒரு எண்ணை வைத்து நீங்களே முடிவு செய்துவிடலாம்.

பக்கம் முடிவானபின் வரிசை. சென்னை மாலே தடத்தில் பெரும்பாலும் ஏ320 வகை விமானம்தான், மூன்று மூன்று சீட். இறக்கை நடுவரிசைகளை மறைத்துவிடும், தோராயமாக 9 முதல் 20 வரை. அங்கே ஏ கிடைத்தாலும் பார்ப்பது ஒரு பெரிய சாம்பல் நிறத் தகடுதான். முன்னால் 4 முதல் 7 வரை மிகச் சிறப்பு, வரப்போகும் தீவு முன்கூட்டியே கண்ணில் படும். முன்வரிசைக்கு விலை அதிகம் கேட்டால் கடைசி ஐந்தாறு வரிசைகளுக்குப் போங்கள், நடுவில் மட்டும் உட்காராதீர்கள். பின்னால் ஒரு குறை, இன்ஜின் வெப்பம் கலந்த காற்று வழியாகப் பார்ப்பதால் படங்கள் சற்று அலையடிக்கும். கண்ணால் பார்க்க அது தொந்தரவே இல்லை. போயிங் 737 வந்தால் ஒரு எச்சரிக்கை. இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு வரிசையில் ஏசி குழாய் சுவருக்குள் மேலே ஏறுவதால் அந்த இடத்தில் ஜன்னல் இருக்காது. ஜன்னல் சீட் என்று காசு வாங்கிக்கொண்டு சுவரைக் காட்டும் சீட் அது. சீட் வரைபடத்தில் அந்த வரிசையைத் தேடிப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தத் தண்ணீரின் நிறம் அடியில் கிடக்கும் வெள்ளைப் பவள மணலிலிருந்து வருகிறது. சூரியன் உச்சியில் இருந்தால்தான் வெளிச்சம் மணல் வரை இறங்கித் திரும்பி வரும். காலை 10 முதல் பகல் 2 வரை அந்த நேரம். ஆழமில்லாத இடம் பால் கலந்த பச்சை, இன்னும் கொஞ்சம் ஆழம் போனால் மயில் கழுத்து நிறம், அட்டோலின் வெளிச்சுவரில் செங்குத்தாக இறங்கும் இடத்தில் கருநீலம். நடுவில் பழுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது அழுக்கு இல்லை, உயிருள்ள பவளப்பாறையும் கடற்புல்லும். மாலை 4 மணிக்கு மேல் இறங்கும் விமானமாக இருந்திருந்தால் மேற்கு ஜன்னலில் கடல் முழுக்க வெள்ளித்தகடாக மின்னும், நிறமே தெரியாது. அங்கே வருடம் முழுக்கவே ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும், ஆகவே இரவு விமானத்தில் போகிறவர்கள் சீட்டுக்குப் பணம் கட்டவே வேண்டாம். இன்னொன்று, போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு விமான ஜன்னலைப் பார்த்தால் வானவில் கோடுகள் தெரியும். அந்த நேரம் மட்டும் கழற்றிவிடுங்கள்.

வழியில் என்ன தெரியும் என்றும் ஒரு வார்த்தை. சென்னைக்கும் மாலேவுக்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் மதுரைக்குச் சற்று மேற்கே போய், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, திருவனந்தபுரம் பக்கத்தில் கடலுக்குள் இறங்கும். விமானம் அச்சாக அந்தக் கோட்டில் பறக்காது, என்றாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். இடதுபக்கத்தில் ஜனவரியில் தண்ணீர் நிறைந்த தென்மாவட்டக் கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி மின்னும், வலதுபக்கத்தில் கொடைக்கானல் பக்கத்து மலைகள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் வெறும் கடல், அம்மா ஒரு தூக்கம் போடலாம். விமானம் வேகம் குறைந்து மூக்கைத் தாழ்த்தும்போது எழுப்பிவிடுங்கள்.

திரும்பும்போதும் அதே ஏ. வடக்கு நோக்கிக் கிளம்பினால் மேற்கு இடதுபக்கம், பிறகு இந்தியாவை நோக்கி வடகிழக்கே போகும்போதும் அட்டோல்கள் இடதுபக்கமே. உங்கள் ரிசார்ட் தூரத்தில் இருந்து கடல் விமானத்தில் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அந்த ட்வின் ஓட்டர் விமானங்கள் பகலில் மட்டும், தாழ்வாகப் பறக்கும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் இரண்டு பக்கமும் காட்சிதான். முன்னால் ஏறியவர் விருப்பப்பட்ட இடத்தில் உட்காரலாம், ஆகவே அம்மாவைக் கைப்பிடித்து வரிசையில் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மா ஏயில், நீங்கள் பக்கத்தில் பியில். உட்கார்ந்தவுடன் ஜன்னலை உள்பக்கம் ஒரு மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள், முன்னால் வந்தவரின் நெற்றி எண்ணெய் பெரும்பாலும் அங்கே இருக்கும். அவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள். ஹுல்ஹுலேவில் ஓடுபாதை கடல் விளிம்பிலேயே தொடங்குகிறது. விமானம் தாழ்ந்து, தாழ்ந்து, அலைநுரை எண்ணும் அளவுக்கு வந்தபின்னும் கீழே தண்ணீர் மட்டும்தான் தெரியும், தரை எங்கேயும் கண்ணில் படாது. முதல்முறை போகிறவர்கள் அந்த இடத்தில் சீட் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள். தண்ணீருக்குப் பிறகு ஒரு வரிசைக் கருங்கல், கல்லுக்குப் பிறகு சக்கரச் சத்தம், அந்த வரிசையில்தான் வரும் என்று சொல்லிவிட்டால் அவர் பயப்படாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.